உயிர்மருந்து கண்ட சுப்பாராவ்

போர்க்களத்தில் வென்ற வேந்தர்களின் பெயர்களை வரலாறு மறவாமல் குறித்து வைக்கின்றது. நோயோடு போராடி வென்ற அறிஞர்களின் பெயர்களையோ, அவர்களால் உயிர் பிழைத்தவர்களும் அறியாதிருக்கின்றனர். மருந்து கைக்கு வருகின்றது; நோய் தணிகின்றது; அம்மருந்தைக் கண்டவர் யாவர் என்று வினவுவார் இலர். அவ்வாறு உலகம் முழுவதும் பயன்பெறத் தம் பெயர் மட்டும் பரவாமல் மறைந்த பெருமக்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். குழந்தைகளைக் கொள்ளை கொண்ட இரத்தப் புற்றுநோயைத் தணித்த முதல் மருந்து, அவர் தலைமையில் நிகழ்ந்த ஆய்வினால் உருவாயிற்று. சென்னையில் பயின்று, மருத்துவத்தில் மேற்பட்டமும் கிடைக்காமல், கடல் கடந்து சென்ற அவர் அம்மருந்தை எவ்வாறு கண்டார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இளமைப் பருவம்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் செகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவருள் சுப்பாராவ் நான்காமவர். தந்தையார் நோயுற்றுக் காலத்திற்கு முன்பே பணியினின்றும் விலக நேர்ந்தது. அதனால் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது.

இளஞ்சிறுவராகிய சுப்பாராவ் அவ்வறுமையைப் போக்கத் தாமே ஒரு வழி கண்டார். பதின்மூன்று வயதில் ஒருவரிடமும் சொல்லாமல் காசிக்குப் புறப்பட்டார். அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்பது அவர் எண்ணம். வீட்டார் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தனர். தாயார் அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். ஆயினும் அவர் மனம் பாடத்தில் எளிதில் பொருந்தவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். தாயார் மனந்தளராமல் மகனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை அத்தேர்வில் அவர் தேறினார்.

சென்னையில் கல்வி

பள்ளிப் படிப்பு முடிந்தபின் சுப்பாராவ் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து இடைநிலை வகுப்புப் பயின்றார். அந்நாளில் இராமகிருஷ்ணரின் வழிவந்த துறவியரின் தொண்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தாமும் துறவு பூண்டு அத்திருக்கூட்டத்தில் சேர விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. நோயாளிகளுக்குத் தொண்டு செய்தலும் அறமே என்று தெளிந்து, சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவரானார். நண்பர்களும், பின்னர் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். 1919ஆம் ஆண்டில் மூர்த்தியின் மகள் சேஷகிரியை அவர் மணந்தார்.

சென்னையில் அந்நாளில் மருத்துவம் பயிற்றிய நிலையங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, சுப்பாராவ் சேர்ந்த மருத்துவக் கல்லூரி. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றதும் இக்கல்லூரியில்தான். மற்றொன்று, துறைமுகத்தை அடுத்த வடசென்னையில் இருந்த இராயபுரம் மருத்துவப் பள்ளி. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த அறச்சாலையை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையில் அப்பள்ளி நடைபெற்றது. ஆதலின் வடசென்னை மக்கள் அம்மருத்துவமனையைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கினர். அப்பள்ளியே 1938ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

சுப்பாராவ் மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது நாட்டில் விடுதலை வேட்கை பெருகிக்கொண்டிருந்தது. அயல்நாட்டுத் துணியைத் துறக்குமாறு காந்தியடிகள் மக்களை வேண்டினார். அவ்வேண்டுகோளை ஏற்ற சுப்பாராவ், அறுவை மருத்துவ வகுப்பிற்கும் கதராடை அணிந்தே சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அச்செயல் பிடிக்கவில்லை. தேர்வினைச் சுப்பாராவ் நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். என்னும் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது. அதனைக் கொண்டு அரசாங்க மருத்துவப் பணியில் சேர முயன்றார். அம்முயற்சியும் பயன் தரவில்லை.

உடன்பிறந்தார் மறைவு

கல்வியில் நேர்ந்த இடரினும் பெரிய துன்பம் ஒன்று அவரைத் தாக்கியது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இருவரையும் கொண்டுசென்றது ஸ்புரூ என்னும் நோய். இந்நோய் கண்டவரின் குடல், உண்ட உணவின் சத்தை உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். ஓயாத கழிச்சல் உண்டாகும், நாக்குப் புண்ணாகும், உடல் மெலியும், குருதி குன்றி முகம் வெளிறும். மருத்துவம் பயின்ற சுப்பாராவினால் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லை. அந்நோயின் காரணத்தை அந்நாளில் உலகில் எவரும் அறிந்திலர்.

பின்னர் அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி மருந்தளித்து அவரைப் பிழைக்கச் செய்தார். உடல் தேறிய சுப்பாராவ், லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார். உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் காரணம் என்ன என்னும் வினா அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை காண வேண்டுமாயின் மேல்நாடு சென்று ஆராய்ச்சி பயிலல் வேண்டும் என்று துணிந்தார். மாமனாரும், காக்கிநாடாவைச் சேர்ந்த சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தாரும் பொருள் உதவினர். தாயையும் இளமனைவியையும் பிரிந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அவர், அக்டோபர்த் திங்களில் பாஸ்டன் நகரை அடைந்தார்.

கடல் கடந்த வாழ்வு

பாஸ்டனை அடைந்தபோது அவர் கையில் இருந்த பணம் மிகச் சிறிது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் அவர் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டிற்காக ஒரு மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக வேலை செய்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்வதும் அவர் பணிகளுள் ஒன்று. மருத்துவம் படித்த ஒருவர் இவ்வேலை செய்வதோ என்று அவர் நாணவில்லை. பகலில் கல்வியும் இரவில் உழைப்புமாக அவர் நாட்கள் கழிந்தன.

பட்டயம் பெற்றபின் அவர் உயிர்வேதியியல் துறையில் ஃபிஸ்க் என்னும் ஆசிரியருடன் ஆராய்ச்சியில் இறங்கினார். இரத்தத்திலும் பிற உடல்நீர்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று கணக்கிட இருவரும் எளிய முறையொன்றை வகுத்து, 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்னும் பெயரால் அஃது உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று. அம்முறையைக் கொண்டே தசைக்கு ஆற்றல் தரும் பொருள்களுள் ஒன்றாகிய பாஸ்போகிரியாட்டினை 1927ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 1929ஆம் ஆண்டில் ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். நாம் கை அசைப்பதும், நம் நெஞ்சம் துடிப்பதும் இப்பொருள் அளிக்கும் ஆற்றலால் நிகழ்வனவே. அதே காலத்தில் செருமனியில் லோமன் என்பவரும் தனித்து முயன்று இதனைக் கண்டார்.

1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. இதற்கிடையே, அவர் நாட்டை விட்டுச் சென்றபின் பிறந்த ஆண்மகவு, தந்தையின் முகத்தைக் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தது. மனைவியார் சேஷகிரி பல்லாண்டுகள் கணவரின் வரவை நோக்கிக் காத்திருந்தார். சுப்பாராவ் தாய்நாட்டிற்குத் திரும்பவே இல்லை. ஆராய்ச்சிக்காக அவர் கொடுத்த விலை பெரிது. அவ்விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

குருதிக்கு உணவு தேடியவர்

1940ஆம் ஆண்டில் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நீங்கி, நியூயார்க்கு மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த இலெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரண்டாண்டுகளில் அதன் ஆராய்ச்சி இயக்குநராக உயர்ந்தார். நெடுங்காலம் நெஞ்சில் சுமந்த வினாவிற்கு விடை காணும் வாய்ப்பு இப்போது வந்தது.

அவ்வினாவின் விடைக்கு முதற்குறிப்பு நம் நாட்டிலேயே கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாய் நகரத்து நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை ஆராய்ந்தார். கருவுற்ற காலத்தில் அவர்களுக்குக் கடுமையான குருதிக்குறை நோய் வந்தது. ஈஸ்டு என்னும் நொதிப்பொருளின் சாற்றை உண்பித்தபோது அந்நோய் நீங்கியது. ஈஸ்டிலும் கல்லீரலிலும் குருதியை வளர்க்கும் ஏதோ ஒரு சத்து உண்டு என்பதை அவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். பத்தாண்டுகட்குப் பின்னர், அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையைச் சாறாக்கி அதனினின்றும் அச்சத்தைச் சிறிதளவு பிரித்தனர். இலை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லை ஒட்டி அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

டன் கணக்கில் கீரை பிழிந்து நோயாளிகளுக்கு மருந்து வழங்குதல் இயலுமோ? இயலாது. ஆதலின் அதனை வேதியியல் முறையில் ஆக்கும் பணியில் சுப்பாராவின் குழுவினர் முனைந்தனர். 1945ஆம் ஆண்டில் அவர்கள் வெற்றி கண்டனர். ஃபோலிக் அமிலம் ஆய்வுக்கூடத்திலேயே உருவாயிற்று. குருதிக்குறை நோயாளிகளுக்கும் ஸ்புரூ நோயாளிகளுக்கும் அதனைக் கொடுத்தபோது அவர்கள் உடல் தேறியது. சுப்பாராவின் உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால், அவர்கள் மறைந்து இருபதாண்டுகட்கு மேல் ஆகியிருந்தன.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல

ஸ்புரூவிற்கு மருந்தான இப்பொருள், அதனினும் கொடிய வேறொரு நோயின் மறைவையும் திறந்து காட்டியது. அதனை விளங்கிக்கொள்ள, நம் குருதியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் குருதியில் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் உள்ளன. வெள்ளணுக்கள் உடலின் காவலர் ஆவர். நோய்க்கிருமிகள் உடலினுள் புகுந்தால் அவற்றை எதிர்த்து அழிப்பது இவற்றின் கடமை. இவற்றுள் ஒருவகை நிணநீரணுக்கள் எனப்படும். ஒரு கன மில்லிமீட்டர்க் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருத்தல் இயல்பு. முதிர்ந்த அணுக்கள் தேயத் தேய, எலும்பினுள் இருக்கும் மச்சையில் புதிய அணுக்கள் அளவோடு பிறக்கின்றன.

சில வேளைகளில் அவ்வளவு தவறிவிடுகின்றது. முதிராத வெள்ளணு ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகின்றது. அது காவல் தொழிலைக் கற்பதில்லை. பெருகுதல் ஒன்றையே அறியும். மச்சை முழுவதும் அதன் இனமே நிறைந்து, நல்ல அணுக்கள் பிறக்க இடமின்றிப் போகின்றது. சிலருடைய குருதியில் வெள்ளணுக்களின் தொகை இலட்சத்தையும் கடக்கின்றது. உடலைக் காக்க வேண்டிய அணுக்களே உடலை அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற இந்நிலையையே இரத்தப் புற்றுநோய் என்கிறோம். இது குழந்தைகளையும் விடுவதில்லை.

இந்நோயை அறிவது எவ்வாறு? குழந்தை வெளிறிச் சோர்கின்றது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகின்றது. ஈறுகளில் குருதி கசிகின்றது. அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் தோன்றுகின்றன. கழுத்தில் நெறி கட்டுகின்றது, எலும்பு நோகின்றது. மருத்துவர் ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, நுண்பெருக்காடியில் நோக்குகின்றார். ஐயம் எழுந்தால், இடுப்பெலும்பினுள் ஊசியைச் செலுத்திச் சிறிது மச்சையை எடுத்து ஆராய்கின்றார். முதிராத அணுக்கள் அங்கு மலிந்திருப்பின் நோய் உறுதியாகின்றது. சுப்பாராவின் காலத்திலும் மருத்துவர் நோயை இவ்வாறு அறிந்தனர். அறிந்து பயன் என்ன? செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அக்குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது சில திங்களில் இறந்தனர்.

பொய்ச்சாவி

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். குழந்தைகளின் பிணங்களை அறுத்து ஆராய்ந்து நோயின் தன்மையைக் கூறுவது அவர் தொழில். இறந்தபின் காரணம் கூறுவதினும், இறவாமல் காக்க வழி தேடுவதே மேல் என்று அவர் கருதினார். ஃபோலிக் அமிலம் குருதியை வளர்க்கும் என்று கேள்வியுற்று, அதனோடு ஒத்த பொருள்களை இலெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து பெற்று, இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். விளைவு அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. நோய் தணியவில்லை, முன்னினும் விரைந்து பெருகியதாகவே அவருக்குத் தோன்றியது.

வருந்தத்தக்க அவ்விளைவிலும் ஓர் உண்மை மறைந்திருந்தது. நல்ல அணுவுக்கு வேண்டிய உணவே புற்றணுவுக்கும் வேண்டும்; விரைந்து பெருகும் புற்றணுவுக்கு அது மிகுதியாக வேண்டும். அவ்வாறாயின், அவ்வுணவைத் தடுத்தால் புற்றணு பட்டினி கிடந்து மடியாதோ? தடுக்கும் வழி சுப்பாராவின் குழுவினரிடம் இருந்தது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை அவர்கள் அணு அணுவாக அறிந்திருந்தனர். சீகர் முதலான வேதியியல் அறிஞர்கள், அதன் ஒரு மூலையில் மட்டும் ஆக்சிசன் இருந்த பகுதியை நீக்கி நைட்ரசன் கொண்ட பகுதியை அமைத்தனர். தோற்றத்தில் அது ஃபோலிக் அமிலம் போன்றது. செயலில் அதன் பகை. பொய்ச்சாவி ஒன்று பூட்டினுள் நுழைந்து, திறக்கவும் திறவாமல், உண்மைச் சாவியையும் நுழைய விடாமல் அடைத்துக்கொள்வதுபோல, அது புற்றணுவினுள் புகுந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையை முடக்கும். அப்பொருளே அமினோப்டெரின்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அம்மருந்தைக் குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கினார். சாவின் விளிம்பில் இருந்த குழந்தைகள் சிலர் எழுந்து நடந்தனர், பசித்து உண்டனர், விளையாடவும் தொடங்கினர். அவர்களுடைய குருதியில் புற்றணுக்கள் குறைந்தன. மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நலம் விளைந்தது என்று 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் ஃபார்பர் வெளியிட்டார். மருந்தினால் இரத்தப் புற்றைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது உறுதியாயிற்று.

ஆயினும் அவ்வெற்றி நிலைத்ததன்று. சில வாரங்களோ திங்களோ சென்றபின் நோய் மீண்டும் வந்தது; மருந்து பயனற்றுப் போயிற்று. மருந்தின் கடுமையால் வாய் புண்ணாதல் முதலிய துன்பங்களும் நேர்ந்தன. இவற்றையும் ஃபார்பர் மறைக்காமல் எழுதினார். குறையை மறைத்திருப்பின் அடுத்து வந்தோர் அதனைக் களைய முயன்றிரார். நோயைத் தணித்த முதல் மருந்து கிடைத்தது. நோயை முற்றும் நீக்கும் மருத்துவத்திற்கு உலகம் மேலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

பிற மருந்துகள்

யானைக்கால் நோய்க்கும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தினின்றும் மருந்து வந்தது. கொசுக்கடியால் பரவும் இந்நோய் இந்தியாவில் கோடிக்கணக்கான மக்களை அச்சுறுத்தி வந்தது. தேங்கிய சாக்கடையில் கொசு மலிந்த சென்னை நகரமும் அதற்கு விலக்கன்று. ஹெட்ரசான் என்னும் மருந்து, உடலில் உள்ள அந்நோயின் நுண்புழுக்களை அழித்தது. அதே மருந்தை டி.இ.சி. என்னும் பெயரால் மாத்திரையாக அரசினர் பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் மக்களுக்கு வழங்கினர். மேலும், டகர் என்னும் தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டதும் சுப்பாராவ் தலைமை தாங்கிய அவ்வாய்வுக்கூடத்திலேயாம்.

மறைவும் அதன்பின் விளைந்த பயனும்

இரத்தப் புற்று மருந்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்த இரண்டு திங்களில், 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில், சுப்பாராவ் நியூயார்க்கில் மாரடைப்பினால் திடீரென உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. அவர் விதைத்தது மரமானதை அவர் காணவில்லை.

அமினோப்டெரினைச் சிறிது மாற்றி ஆக்கிய மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து, அதனினும் தீங்கு குறைந்ததாக இருந்ததால் விரைவில் அதன் இடத்தைப் பெற்றது. ஒரு மருந்து தனித்து வெல்ல இயலாத நோயைப் பல மருந்துகள் ஒன்றுகூடி வெல்லும் என்பதைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டனர். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் புற்றணுக்கள் ஒளிந்திருத்தல் உண்டு. முதுகில் ஊசி செலுத்தி அந்நீரிலேயே மெதோட்ரெக்சேட்டைக் கலந்தனர். இவ்வாறு மருத்துவம் வளர்ந்ததன் பயனாக, வளம் மிக்க நாடுகளில் நிணநீரணு இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவில் இன்று பிழைக்கின்றனர்.

நிணநீரணுக்களின் புற்று எப்போதும் குருதியிலேயே தோன்றுவதில்லை. அரிதாக, மூளையினுள்ளேயே கட்டியாக அது வளர்வதும் உண்டு. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, கட்டியின் துணுக்கு ஒன்றை எடுத்து ஆராய்ந்து அதனை உறுதி செய்கின்றனர். மூளைக்கும் குருதிக்கும் இடையே இயற்கை அமைத்த அரண் ஒன்று உளது. பெரும்பாலான மருந்துகள் அதனைக் கடப்பதில்லை. மெதோட்ரெக்சேட்டை மிகுந்த அளவில் செலுத்தினால் அது கடந்து செல்கின்றது. ஆனால் அவ்வளவு மருந்து உடலின் நல்ல அணுக்களையும் மாய்த்துவிடும். ஆதலின் ஏறத்தாழ ஒருநாள் கழித்து, ஃபோலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த மாற்றுமருந்தை ஊட்டி நல்ல அணுக்களை மீட்கின்றனர். தடுப்பதும் ஃபோலிக் அமிலத்தின் போலி. மீட்பதும் அதன் உறவு. இரண்டும் சுப்பாராவ் ஆராய்ந்த அச்சத்திலிருந்தே கிளைத்தவை.

வடசென்னைக்கும் வந்த மருந்து

பாஸ்டனில் பிறந்த இம்மருத்துவம், சுப்பாராவ் பயின்ற சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அவருக்கு முன்னர் அதே மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலெட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை மறவாது, 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குப் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் திட்டத்தைச் செயற்படுத்திய இந்திய நிலையங்களுள் அதுவும் ஒன்று. அம்மருந்துகளுள் மெதோட்ரெக்சேட்டும் இடம்பெற்றது. ஒரே கல்லூரியில் பயின்ற இருவருள் ஒருவர் மருந்து கண்டார். மற்றவர் மருத்துவமனை கண்டார். இருவரையும் அப்பணிக்குத் தூண்டியது உடன்பிறந்தாரை இழந்த துயரமே.

இன்று இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியின் குழந்தைக்கோ, திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கோ, எண்ணூர் மீனவரின் குழந்தைக்கோ இந்நோய் வந்தால், அதனை விதி என்று விட்டுவிட வேண்டுவதில்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் ஏழைகளுக்காகவே திறந்திருக்கின்றன. காலந்தாழ்த்தாமல் வருதலும், இரண்டாண்டுகட்கு மேலும் நீளக்கூடிய மருத்துவத்தை இடையில் நிறுத்தாதிருத்தலும் இன்றியமையாதன. நாட்கூலியை இழந்து மருத்துவமனைக்கு வரும் பெற்றோர்க்கு இஃது எளிதன்று. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்து கண்டறிவது அறிஞர் கடன். அதனைக் கடைசி வீடு வரை கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடன்.

வாழ்வு தரும் பாடம்

சுப்பாராவின் நினைவாக இந்திய அரசு 1995ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டது. அறிஞர்கள் ஒருவகைக் காளானுக்கு அவர் பெயரைச் சூட்டினர். இவற்றினும் பெரிய நினைவுச்சின்னம், அவருடைய பெயரைக் கேட்டும் அறியாத எண்ணற்ற குழந்தைகளின் உயிர்வாழ்வேயாகும்.

அவர் வாழ்வில் தோல்விகள் பல. பள்ளித் தேர்வில் தோற்றார். விரும்பிய துறவு வாய்க்கவில்லை. உரிய பட்டம் கிட்டவில்லை. உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லை. ஆயினும் உடன்பிறந்தாரின் மறைவு எழுப்பிய வினாவை அவர் இருபதாண்டுகட்கு மேல் கைவிடவில்லை. குருதிக்குறைக்கு உணவு தேடிய அவ்வினாவே, குருதியின் புற்றுக்கு மருந்தாக முடிந்தது. தேர்வுத்தாளில் எழுதிய விடைகளுக்காக அவருக்கு உயர்ந்த பட்டம் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிய ஒரு வினாவோ பிறர் உயிரைக் காக்கும் மருந்தாயிற்று.